புது போன் வாங்கப் போகிறீர்களா? பழைய போன் எப்படிப் போனது என்று முதலில் சொல்லுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் போன் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. "கையில பத்தாயிரம் இருக்கு. இன்னும் எட்டாயிரம் புரட்டினா நல்லதா வாங்கலாம்கிறாங்க, புரட்டட்டுமா?" "அதே காசுக்குப் பழைய ஐபோன் வருதாமே?" "கடையில ஈஎம்ஐ போட்டுத் தரேன்கிறாங்க, முப்பதாயிரத்துக்கே போயிடலாமா?" இவற்றோடு சேர வேண்டிய இன்னொரு கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: இருக்கிற போனையே சரிபண்ணினால் ஆகாதா?

பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். இதற்கு முன் வைத்திருந்த இரண்டு போன்களும் எப்படிப் போயின? கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்ததா, தண்ணீரில் விழுந்ததா, பஸ்ஸில் தொலைந்ததா, இல்லை வயதாகி மெதுவாகி, பொறுக்க முடியாமல் மாற்றினீர்களா? பாதி முடிவு இதிலேயே இருக்கிறது. காரணம் கீழே கணக்குப் போடும்போது தெரியும்.

## எதையெதைப் பார்ப்பது

அப்டேட் எத்தனை வருடம். பெட்டியில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள், ஆனால் போனின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் வைத்துக்கொள்வது நல்லதில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்த ஆப்களே ஓட மறுக்கும். ஒரே விலைப் பிரிவில்கூட வித்தியாசம் பெரிது. 2024 அக்டோபரில் 18,999 ரூபாய்க்கு வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகச் சொன்னார்கள். அதே வருடம் ஜூலையில் 15,999-க்கு வந்த சிஎம்எஃப் போன் 1-க்கு இரண்டு பதிப்பு, மூன்று வருடம். ஆனால் இரண்டாவதில் இருந்த டைமென்சிட்டி 7300 சிப், முதலாவதில் இருந்த 6300-ஐவிட நன்றாகவே வேகம். வேகம் வேண்டுமா, ஆயுள் வேண்டுமா என்பதுதான் இந்த விலையில் உண்மையான கேள்வி.

சிக்னல். 5ஜி என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லா சிம்மிலும் 5ஜி வரும் என்று நினைக்க வேண்டாம். ஜியோவினுடையது 4ஜியின் துணை இல்லாமல் தனியாக இயங்கும் ஸ்டாண்டலோன் வகை. ஏர்டெல் 4ஜி கட்டமைப்பின் மேல் ஏற்றிய நான்-ஸ்டாண்டலோன் வகையில் ஆரம்பித்தது. 2024 நவம்பரில் 8,499 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி, ஸ்டாண்டலோன் வகையை மட்டுமே எடுக்கும். ஏர்டெல் சிம் வைத்திருந்தவர்களுக்கு அது 4ஜி போனாகத்தான் இருந்தது. விலை குறைந்த 5ஜி போன் என்றால் கடைக்காரரிடம் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். உங்கள் வீட்டில் எந்த சிம் எடுக்கிறது என்பது வேறு விஷயம். அதைப் பக்கத்து வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும்.

சார்ஜ். இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் கடலூர் மாவட்டத்தில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது. 5,000 எம்ஏஎச்சுக்குக் குறைந்த பேட்டரி உள்ள போனை இங்கே வாங்குவதானால் கூடவே ஒரு பவர் பேங்க்குக்கும் பணம் எடுத்து வையுங்கள்.

தண்ணீரும் உப்புக்காற்றும். போன் தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்வது ஐபி எண். ஐபி54 என்றால் மழைத்தூறலைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் இந்தச் சோதனைகளெல்லாம் நல்ல தண்ணீரில் செய்தவை. கடல் தண்ணீர் கணக்கிலேயே வராது. தண்ணீர் புகுந்து கெட்டால், ஐபி68 போட்ட போனுக்குக்கூடப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் செல்ஃபி எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்கவும்.

சர்வீஸ் சென்டர். அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருக்கிறதா என்று வாங்கும் முன் கம்பெனியின் தளத்தில் பார்த்துவிடுங்கள். சென்னைக்கு அனுப்பித்தான் வர வேண்டும் என்றால் அந்த நாட்களுக்கு இன்னொரு போன் தேவைப்படும்.

கேமராவின் மெகாபிக்சலை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இருபதாயிரத்துக்குக் கீழே அந்த எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. மெமரியைப் பொறுத்தவரை இன்றைக்கு 6 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "4 பிளஸ் 4, மொத்தம் 8 ஜிபி" என்று விற்பதில் பின்னால் வரும் 4 நிஜ ரேம் இல்லை, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது.

## வழி 1: பத்தாயிரத்துக்குள் புது போன்

இந்த விலையில் போன் கெட்டதில்லை, ஆனால் அதற்குப் பொறுமை குறைவு. முதல் வருடம் நன்றாக ஓடும். இரண்டாம் வருடம் வாட்ஸ்அப் குரூப் வீடியோக்களில் ஸ்டோரேஜ் நிறையும், யூபிஐ ஆப் திறக்க நேரமெடுக்கும். மூன்றாம் வருடம் "ஹேங்க் ஆகுது" என்ற வார்த்தை வீட்டில் தினமும் கேட்கும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், பல மாடல்களில் விளம்பரமும் தேவையில்லாத ஆப்களும் சேர்ந்தே வரும். வயதானவர்கள் கையில் கொடுத்தால் எதையாவது தொட்டு எதையாவது இறக்கிவிடுவார்கள். கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து நோட்டிபிகேஷன்களை அணைத்துக் கொடுங்கள். அப்டேட் விஷயத்தில் நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. 2025 பிப்ரவரியில் வந்த கேலக்ஸி எஃப்06 5ஜி பத்தாயிரத்தை ஒட்டிய போன்தான், அதற்கே நான்கு வருடம் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் 4 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு நான்காவது வருடத்து ஆண்ட்ராய்டை ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

யாருக்கு இது சரி? போன் அடிக்கடி உடைகிறவர்களுக்கும் தொலைகிறவர்களுக்கும். துறைமுகத்தில் படகு ஏறுபவர், கட்டட வேலை பார்ப்பவர், டெலிவரிக்கு வண்டியில் மாட்டி வெயிலிலும் மழையிலும் ஓட்டுபவர், முதல் போன் வாங்கும் பையன். இவர்களுக்கு இருபதாயிரம் ரூபாய் போன் வாங்கித் தருவது பணத்தை ரிஸ்கில் வைப்பதுதான்.

## வழி 2: பதினைந்திலிருந்து இருபதாயிரம்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஒரு நிபந்தனையோடு. நான்கைந்து வருடம் வைத்திருப்பேன் என்ற நம்பிக்கை உங்கள் மேல் உங்களுக்கே இருக்க வேண்டும்.

இந்த விலையில் டிஸ்ப்ளே நல்ல அமோலெட் ஆக வரும், வெயிலில் படிக்க முடியும். 8 ஜிபி ரேம் கிடைக்கும். ஏர்டெல்லோ ஜியோவோ, 5ஜி பிரச்சினை பெரும்பாலும் இருக்காது. கல்லூரிக்கு இது போதும், சின்னக் கடை வைத்திருப்பவருக்கும் போதும், வீட்டில் எல்லோருடைய போட்டோவையும் ஒரே ஆள் வைத்திருப்பார் இல்லையா, அவருக்கும் போதும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, சார்ஜர். மேலே சொன்ன கேலக்ஸி ஏ16, சிஎம்எஃப் போன் 1 இரண்டின் பெட்டியிலும் கேபிள் மட்டும்தான். சார்ஜருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் தனியாக வைக்க வேண்டும். இன்னொன்று அந்த அமோலெட் டிஸ்ப்ளேயேதான். உடைந்தால் கம்பெனி டிஸ்ப்ளே காம்போவின் (கண்ணாடியும் திரையும் சேர்ந்தது) விலை போன் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட வரும். வெளிக் கடையில் பாதி விலைக்கு மாற்றித் தருவார்கள். ஆனால் வெளிச்சம் குறைவாக இருக்கும், சில சமயம் கைரேகை வேலை செய்யாது. வாங்கின அன்றே டெம்பர்ட் கிளாஸும் நல்ல பவுச்சும் போடாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

## வழி 3: செகண்ட் ஹேண்டில் பெரிய போன்

இது கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் லாபமும் இங்கேதான் அதிகம், ஏமாற்றமும் இங்கேதான் அதிகம்.

இருபதாயிரத்துக்குப் பழைய ஐபோனோ, இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய பெரிய ஆண்ட்ராய்டு போனோ வரும். கேமரா, வேகம், கையில் பிடிக்கும் தரம் எல்லாவற்றிலும் அதே விலைக்கு வரும் புது போனை இது தோற்கடிக்கும். அதில் மறுப்பே இல்லை. ஆனால் நீங்கள் வாங்குவது அதன் மிச்ச ஆயுளை. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களுக்கு 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை. ஏழு வருடம் என்பது நல்ல ஆயுள்தான், ஆனால் ஐந்தாவது வருடத்தில் வாங்குபவருக்கு மிச்சம் இரண்டுதான்.

பேட்டரி அடுத்தது. ஐபோன் 14 வரைக்கும், 500 முறை முழு சார்ஜ் ஆனபின் 80 சதவீதம் நிற்கும் என்பதுதான் ஆப்பிளே சொன்ன கணக்கு. தினமும் ஒரு முறை சார்ஜ் என்றால் ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே மூன்று வருடப் பழைய போனில் பேட்டரி மாற்றும் செலவை விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். பேட்டரி ஹெல்த் 100 என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். எப்போது, எங்கே மாற்றியது என்று கேளுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியில், மாற்றிய டிஸ்ப்ளே, பேட்டரி கம்பெனியுடையதா, தெரியாத பாகமா என்று காட்டும். அதைத் திறந்து காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

திருட்டு போனா என்று பார்ப்பது இப்போது சுலபம். டயலரில் *#06# போட்டால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பில்லில் இருக்கும் எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் கேஒய்எம் (KYM) என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். கறுப்புப் பட்டியல், போலி எண் என்று வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, அது நாளைக்கு உங்கள் தலையில் விழும்.

பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கோ ஐகிளவுடோ வெளியேறியிருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து, உங்கள் கணக்கைப் போட்டுத் திறந்து பார்த்தபின் பணம் கொடுங்கள். சார்ஜ் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் பாசி மாதிரி ஏதாவது தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கடற்கரை ஊர்ப் போன்களில் இது அபூர்வமில்லை, ஃபெங்கல் மழையில் நனைந்த போன்கள் எல்லாம் எங்கோ ஒரு கையில் இருக்கத்தான் செய்யும்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பவுச், கேபிள் வாங்கலாம். போனை, அது பழையதே ஆனாலும், பில்லும் சில மாத வாரண்டியும் எழுதித் தரும் இடத்தில் வாங்குவதுதான் என் வழக்கம்.

யாருக்கு இது சரி? போன் கேமராவை வைத்தே தொழில் பார்ப்பவர்களுக்கு. ரீல்ஸ் எடுப்பவர், துணிக்கடைக்கு போட்டோ எடுப்பவர், சின்னச் சின்ன விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பவர். வீட்டில் ஒருவராவது போனைப் புரட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்பாவுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க இந்த வழி வேண்டாம்.

## வழி 4: இருக்கிற போனைச் சரிபண்ணுவது

கடையில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. போன் மூன்று வருடப் பழையது, 6 ஜிபி ரேம் இருக்கிறது, இன்னும் பாதுகாப்பு அப்டேட் வருகிறது, சார்ஜ் மட்டும் மதியத்துக்கு மேல் நிற்கவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது புது பேட்டரி. கம்பெனி சர்வீஸில் ஆண்ட்ராய்டு போன் பேட்டரி ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் பெரும்பாலும் முடியும். ஒரு முழு ரீசெட், தேவையில்லாத வீடியோக்களை அழிப்பது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் ஒன்றரை வருடம் ஓடும்.

டிஸ்ப்ளே போயிருந்தால் யோசிக்க வேண்டும். மாற்றும் செலவு, அந்த போனின் இன்றைய செகண்ட் ஹேண்ட் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். மதர்போர்டு பழுது என்றால் வேலை பார்த்தபின் மறுபடி வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. அந்தப் பணத்தைப் புதுசில் போடுவதே மேல்.

## கணக்கு

கீழே இருப்பவை என் உத்தேச எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

| வழி | போன் விலை | கூடச் சேரும் செலவு | தாங்கும் காலம் | வருடத்துக்கு |
|---|---|---|---|---|
| பத்தாயிரத்துக்குள் புதுசு | 9,000 | பவுச், கிளாஸ் 400 | 2.5 வருடம் | 3,760 |
| நடுத்தரப் புதுசு | 18,000 | சார்ஜர் 1,200. பவுச், கிளாஸ் 500. நான்காம் வருடம் பேட்டரி 1,800 | 5 வருடம் | 4,300 |
| செகண்ட் ஹேண்ட் பெரிய போன் | 20,000 | பேட்டரி 3,500 | 3 வருடம் | சுமார் 7,800 |
| இருப்பதில் பேட்டரி மாற்றுவது | 0 | 1,500 | 1.5 வருடம் | 1,000 |

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். விலை இரண்டு மடங்கு, ஆனால் வருடக் கணக்கில் வித்தியாசம் 540 ரூபாய். அந்த 540-க்கு ஐந்து வருடம் நல்ல டிஸ்ப்ளேயும் வேகமும் கிடைக்கிறது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்போது அதே கணக்கில் இரண்டு போனும் இரண்டாம் வருடக் கடைசியில் கீழே விழுந்து போய்விட்டன என்று வையுங்கள். சின்ன போனுக்கு வருடத்துக்கு 4,700. நடுத்தர போனுக்கு, பேட்டரி மாற்றும் வரை போகாததால் அந்தச் செலவைக் கழித்துவிட்டாலும், 9,850. பழைய போன் எப்படிப் போனது என்று முதலில் கேட்டது இதற்காகத்தான். கம்பெனி ஆறு வருடம் அப்டேட் கொடுத்தாலும், இரண்டு வருடத்தில் உடைக்கும் கைக்கு அதனால் பயன் இல்லை.

ரீசார்ஜையும் மறக்க வேண்டாம். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபின், வரம்பில்லாத 5ஜி வேண்டுமென்றால் தினம் 2 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள திட்டம் போட வேண்டியதாயிற்று. ஜியோவிலும் ஏர்டெல்லிலும் அப்படிப்பட்ட வருடத் திட்டம் 3,599 ரூபாய் ஆனது. போனுக்கு ஆகும் வருடச் செலவுக்குச் சமமாக சிம்முக்கும் ஆகிறது. வீட்டில் வைஃபை இருந்தால் 5ஜிக்காக அதிகம் கொடுக்க வேண்டிய அவசியம் பாதியாகக் குறையும்.

## ஈஎம்ஐ பற்றி

ஈஎம்ஐயை நான் தனி வழியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அது பணம் கட்டும் முறை மட்டும்தான். ஆனால் அதுதான் பதினைந்தாயிரத்துக்கு வந்தவரை முப்பதாயிரத்துக்கு ஏற்றிவிடுகிறது.

வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-இல் சொல்லிவிட்டது. 'நோ காஸ்ட்' என்றால் அந்த வட்டியை வேறு எங்கோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முழுப் பணம் கொடுத்தால் குறைத்துத் தரும் தொகை ஈஎம்ஐயில் கிடைக்காமல் போகலாம். செயலாக்கக் கட்டணம் தனி, அதன் மேல் ஜிஎஸ்டி தனி. கிரெடிட் கார்டு என்றால் வட்டிப் பகுதிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி விழும். அந்த வட்டியை டிஸ்கவுண்டாகத் திருப்பிக் கொடுத்தாலும் ஜிஎஸ்டி திரும்பாது. உதாரணத்துக்கு இருபதாயிரத்தை 15 சதவீத வட்டியில் ஆறு மாதம் கட்டினால் வட்டி ஏறக்குறைய 884 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 159. பெரிய தொகை இல்லைதான். ஒரு மாதம் தவணை தவறினால் விழும் அபராதமும், சிபில் ஸ்கோரில் படும் கறையும்தான் பெரிது.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "இன்னைக்கே முழுப் பணம் கொடுத்தா எவ்வளவு? ஈஎம்ஐல எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வித்தியாசம் ஐந்நூறுக்குள் இருந்தால், சம்பளம் மாதாமாதம் தவறாமல் வருகிறது என்றால், போடலாம். மீன்பிடித் தடைக்காலம், அறுவடைக் காலம் என்று வருமானம் ஏறி இறங்கும் வீடுகளில் சின்ன போனை ரொக்கத்துக்கு வாங்குவதே நிம்மதி.

## பாண்டிக்குப் போய் வாங்கினால் விலை குறைவா?

கடலூரில் இன்னமும் இந்த நம்பிக்கை இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறுபட்ட காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் மஞ்சக்குப்பத்திலும் நேரு வீதியிலும் வரி ஒன்றுதான். முதலில் போனுக்கு 12 சதவீதம், 2020 ஏப்ரல் முதல் 18. லாரன்ஸ் ரோட்டுக்கும் அண்ணா சாலைக்கும் விலையில் வித்தியாசம் தெரிந்தால் அது கடைக்காரர் தன் லாபத்தில் விட்டுக்கொடுப்பது. அதைப் பேரம் பேசி இங்கேயும் வாங்கலாம்.

ஆன்லைன் விலையை போனில் காட்டிக் கேட்டால் பல கடைகளில் அதை ஒட்டி வருவார்கள், அல்லது பவுச், கிளாஸ் இலவசமாகப் போட்டுத் தருவார்கள். நான் சில நூறு ரூபாய் அதிகமானாலும் பக்கத்துக் கடையைத்தான் சொல்வேன். முதல் வாரத்திலேயே பழுது வந்தால் நேரில் போய் நிற்க ஓர் இடம் இருக்கும். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறியதில் போன் விலைகளும் ஏறிக்கொண்டிருக்கின்றன. நான் மேலே சொன்னவை வெளிவந்தபோது இருந்த விலைகள், இன்றைய விலையைக் கேட்டுவிட்டே போங்கள். பில்லில் ஐஎம்இஐ எண்ணும் கடையின் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதித் தரும் துண்டுச் சீட்டை வைத்து வாரண்டியும் கேட்க முடியாது, 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொன்னாலும் காட்ட ஒன்றும் இருக்காது.